கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலை எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்தவ ஆலயத்தில் தாலி கட்டுகிற பெண்களுக்குப் பிளவுஸ் தைப்பதுதான் என் முக்கிய வேலை. சேலையைக் கொண்டுவந்து மேசையில் விரித்ததும் பல பிள்ளைகள் முகம் வாடிப்போவார்கள். "கடையில பாத்தப்ப இந்த நிறம் இல்லியே அக்கா!" என்பார்கள். எடுக்கும்போதே கொஞ்சம் கவனித்தால் இந்த வருத்தம் வராது.

வெள்ளையில் எத்தனையோ வெள்ளை உண்டு. பட்டு இயல்பிலேயே லேசான சந்தன வெண்மைதான். கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் அது பால் வெள்ளையாகத் தெரியும், ஆலய வாசலில் வெயில் பட்டதும் கிரீம் நிறமாகிவிடும். அதனால் மார்த்தாண்டத்தில் எடுத்தாலும் நாகர்கோவிலில் எடுத்தாலும் பகலில் போங்கள். பிடித்த இரண்டு சேலைகளையும் வாசல் பக்கம் கொண்டுபோய்த் தோளில் போட்டு, முகத்தோடு சேர்த்துப் பாருங்கள். தங்க நகை நிறையப் போடுவதாக இருந்தால் லேசாகக் கிரீம் கலந்த ஹாஃப் வைட்தான் எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். தலைக்குப் போடும் நெட்டை அன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். பிளவுஸ் வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் போய் நிறம் பார்த்து எடுங்கள்.

அடுத்தது கனம். கல் வேலை செய்த சேலை மடிப்பில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆராதனை முழுக்க நிற்க வேண்டும், முழங்கால் போட வேண்டும், எழும்ப வேண்டும். கடையிலேயே சுடிதாருக்கு மேல் சுற்றிக்கொண்டு, விரிப்பில் ஒரு தடவை முழங்கால் போட்டு எழுந்து பாருங்கள். கடைக்காரப் பிள்ளைகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கொசுவம் காலில் தட்டுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் புழுக்கம். காற்றுப் போகாத பாலியஸ்டர் சேலை அன்றைக்குப் பெரிய தொந்தரவு.

பட்டு என்று சொல்லித் தந்தால் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முந்தானை நுனியில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். வெள்ளிச் சரிகை மேல் சென்ட் அடிக்கக் கூடாது, கறுத்துப்போகும்.

சேலை எடுக்க அம்மாவும், மனசில் பட்டதைச் சொல்லுகிற ஒரு ஆளும் கூட வந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டார் எடுக்கும் பட்டுக்கு இரண்டு குடும்பமும் போகும், அது வேறு விஷயம். ஆனால் தாலி கட்டி முடிந்ததும் நீங்கள் மாற்றப்போவது அந்தச் சேலைதான். அதன் பிளவுஸ் துணியைச் சீக்கிரமே தந்துவிடச் சொல்லி மாப்பிள்ளையின் அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கடைசி வாரத்தில் கைக்கு வந்தால் எந்தத் தையல்காரியும் நிதானமாக வெட்ட முடியாது.

பிளவுஸில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, வைப்பதாக இருந்தால் ஒரு மாதமாவது கையில் இருக்கட்டும். வெட்டுவதற்கு முன்பே துணியைச் சட்டத்தில் கட்டி வேலை செய்வதால், அளவை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பக்கத் தையலில் ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள், கல்யாண நேரத்தில் உடம்பு கூடும், குறையும். லைனிங் வெள்ளையில் வேண்டாம், தோல் நிறத்தில் பருத்தி போடுங்கள். வெள்ளைக்குள் வெள்ளை போட்டால் வெளியே தெரியும். ஆராதனை நேரம் முழுக்கச் சபையார் பார்ப்பது உங்கள் முதுகைத்தான், அதனால் முன்கழுத்தைவிடப் பின்கழுத்துக்கு அதிகம் யோசியுங்கள். கை நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்கள் ஆலயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கை ஓரத்துக்குக் கையால் பின்னிய லேஸ் கிடைத்தால் விடாதீர்கள். சுமார் 200 வருஷங்களுக்கு முன்பு லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. மெஷின் லேஸ் தட்டையாகக் கிடக்கும். கைலேஸை விரலால் தடவினால் பூவும் இலையும் தனித்தனியாக மேடு தட்டும். கல்யாணப் பெண்ணின் கையில் அதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

செருப்பை முதலில் வாங்கிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டுதான் உள்பாவாடைக்கு அளவு கொடுக்க வேண்டும்.

பூச்செண்டில் லில்லி இருந்தால் நடுவில் நிற்கும் மகரந்தத்தைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். மீறிச் சேலையில் பட்டால் தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்கவும் கூடாது. செல்லோடேப்பை மெதுவாக ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.