பிரான்ஸ் கிராமப்புறத்தில் முதல் கார் பயணம்: தோர்தோன் ஆற்றுப் பக்கம், படிப்படியாக

பாரிஸில் தொடங்கி நீஸ் வரை ஓட்டித் தீர்க்கத் திட்டம் போடாதீர்கள். தென்மேற்கே தோர்தோன் பள்ளத்தாக்கு ஒன்றே போதும். சார்லா ஊரில் அறை எடுத்துத் தங்கி, தினம் ஒரு பக்கம் போய்வாருங்கள்.

1. வண்டி
இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். போர்தோ விமான நிலையத்தில் காரை எடுத்தால் சார்லாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். ஆட்டோமேட்டிக் தேவையென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். பெட்ரோல் பங்கில் ‘கஸோல்’ என்றிருப்பது டீசல்; பெட்ரோல் காரில் அதை ஊற்றிவிடாதீர்கள்.

2. சாலை
வண்டிகள் வலப்பக்கம் ஓடும். பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது சின்னச் சந்தாக இருந்தாலும். ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டியதும் வேகம் 50 கி.மீ.; வேறு பலகை இருந்தால் அதன்படி. பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது.

3. குகைகள்
இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஆதிமனிதர்கள் சுவரில் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகையை 1940-ல் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-ல் மூடிவிட்டார்கள். குகை இருக்கும் மோன்தின்யாக் ஊரில் இப்போது நாம் பார்ப்பது 2016-ல் திறந்த முழு நகல். நகல்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓவியத்தில் இருக்கும் காளைகளின் அளவை நேரில் நின்றால்தான் உணர முடியும். அசலையே பார்க்க வேண்டுமா? லே ஸெய்சி ஊர் அருகே ஃபோன் தெ கோம் குகையில் வண்ணம் தீட்டிய காட்டெருமைகளைக் காட்டுகிறார்கள். நாளுக்குக் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்கள். பயணத் தேதி முடிவானதுமே சீட்டு விவரம் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தக் குகைக்காகவே பயணத் தேதியை மாற்றலாம்.

4. ஆற்றங்கரைக் கோட்டைகள்
இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணிகளில் நின்ற பெய்னாக், காஸ்தெல்நோ கோட்டைகள் ஆற்றின் இரு கரைகளில் இன்றும் நேருக்கு நேர் நிற்கின்றன. நேரம் குறைவென்றால் காஸ்தெல்நோவுக்குள் போங்கள்; பழைய போர்க்கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.

5. ரோக்கமதூர், பதிராக்
காலையில் ரோக்கமதூர். பாறைச் சரிவில் தொற்றி நிற்கும் புனிதத் தலம் அது, 216 படிகள். காரை மேலேயோ பள்ளத்தாக்கிலோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பகல் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடியுங்கள். பிறகு பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாலையில் பதிராக் பாதாளக் குழி: 75 மீட்டர் கீழே இறங்கி, பூமிக்கடியில் ஓடும் ஆற்றில் படகில் போகலாம். உள்ளே எப்போதும் 13 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் மே முதல் செப்டம்பருக்குள் பயணத்தை வையுங்கள்.