வேலை நெருக்கடியிலும் விசுவாசத்தில் நிலைத்திருக்க

30 நாள்வரை ராஜாவைத் தவிர வேறெவரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்று தரியு ராஜா கட்டளையிட்டபோது, மீறுகிறவருக்குச் சிங்கக் கெபி என்று தெரிந்தும், அவருடைய அதிகாரியாக இருந்த தானியேல் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில், 'முன் செய்துவந்தபடியே' நாளுக்கு மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்றுதான் வேதம் சொல்கிறது. சிங்கக் கெபியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த இரண்டு சொற்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. நெருக்கடி வந்த பிறகு பழகத் தொடங்குவது கடினம். ஆகவே ஜெப வேளையையும் இடத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வேளையைக் கெடுப்பது பெரும்பாலும் கைபேசிதான். மணி பார்க்க எடுக்கிறோம். மூன்று செய்திகள் காத்திருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் குளிக்கப் போகும் நேரம் வந்துவிடுகிறது. இரவில் அதைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரத்தையும், தலைமாட்டில் அச்சிட்ட வேதாகமத்தையும், நேற்று நிறுத்திய வசனத்தில் ஒரு பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள். வேதாகமச் செயலி போதாதா என்று கேட்பார்கள். அது இருக்கும் அதே திரையில்தான் மற்றவையும் இருக்கின்றன.

வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் நாளுக்கு மூன்றும் ஞாயிறன்று ஐந்துமாக வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். ஆனால் ஜனவரியில் தொடங்கி மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள், 16 அதிகாரங்களே உள்ள மாற்கு சுவிசேஷத்தை நாளுக்கு ஒன்றாக வாசிப்பதே நல்லது என்பேன். ஜெபத்தின் நடுவே மின்கட்டணமோ மாவு அரைக்க வேண்டியதோ நினைவுக்கு வந்தால், அதோடு போராடாமல் பக்கத்திலுள்ள தாளில் குறித்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள்.

அலுவலகத்தில் ஆயுதபூஜைப் பொரி மேசைக்கு வந்து நிற்கும் நொடியில் யோசிக்கத் தொடங்கினால் தடுமாற்றம்தான் மிஞ்சும். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 ஆம் அதிகாரங்களை முன்னதாகவே வாசித்து, தேவைப்பட்டால் போதகரிடமும் கேட்டு, உங்கள் மனச்சாட்சி எதில் நிற்கிறது என்று தெளிந்துகொள்ளுங்கள். வாங்குவதில்லை என்று முடிவுசெய்தால், "நான் எடுத்துக்கொள்வதில்லைங்க, தப்பா நினைக்காதீங்க, மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று முகம் மலர்ந்து சொன்னால் போதும். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லும்படிதான் பேதுருவும் எழுதுகிறார். அங்கே பிரசங்கம் தேவையில்லை.

ஞாயிறன்று பணிமுறை விழுந்தால் ஆலயத்தின் அதிகாலை ஆராதனையை விசாரியுங்கள். கத்தோலிக்கருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவுசெய்யும்.

இடையில் மூன்று நாள் விட்டுப்போனால், விட்ட அதிகாரங்களையெல்லாம் ஒரே இரவில் வாசித்துக் கடனடைக்க முயலாதீர்கள். பென்சில் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அன்றைய ஒரு அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள்.