பாட்டியும் பிள்ளைகளும் களைக்காமல் பினாங்கில் 4 நாள்

கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். கொடிமலை, கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், சுவர் ஓவியங்கள், பட்டாம்பூச்சிப் பண்ணை, இரவுச் சந்தை என்று அது நீளும். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்தான். ஆனால் 2ஆம் நாள் மாலைக்குள் பாட்டியின் முழங்கால் வீங்கிவிடும். கடைக்குட்டி காரிலேயே அழுது அழுது தூங்கிவிடும்.

ஓய்வுக்காகப் போகும் பயணத்தை இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் மூத்தவர் உட்காராமல் எவ்வளவு நேரம் நடப்பார், சின்னப் பிள்ளை பகலில் எத்தனை மணிக்குத் தூங்கும் என்ற இரண்டையும் முதலில் எழுதி வையுங்கள். மற்ற எல்லா முடிவுகளும் இவற்றுக்குள் அடங்கட்டும். ஒரே தங்குமிடம், ஒரு நாளைக்கு ஒரே வெளிப்பயணம், மதியத்தில் கட்டாய ஓய்வு. இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் 4 நாள், 3 இரவு தாராளமாகப் போதும்.

பினாங்குக் கடல் கண்ணாடி போலத் தெளிந்திருக்காது என்பதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பவளப்பாறையும் வண்ண மீன்களும் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான்தான். ஆனால் அங்கே விரைவுப் படகில் ஏறி இறங்க வேண்டும். சில கரைகளில் முழங்கால் அளவு தண்ணீரிலேயே இறக்கிவிடுவார்கள். 70 வயதுக்காரருக்கு அது சரிவராது. பாலம் வழியாகக் காரிலேயே போய்ச் சேரலாம், பெரிய மருத்துவமனைகள் அருகில் இருக்கின்றன, சைவச் சாப்பாடு கிடைக்கும். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது பினாங்கை விட வசதியான தீவு நம் நாட்டில் இல்லை.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரைத் தீவுகளை நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூடிவிடும். பினாங்கு மேற்குக் கரையில் இருப்பதால் கணக்கு வேறு. இங்கே ஜனவரியும் பிப்ரவரியும்தான் வறண்ட மாதங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். மழைக் காலத்திலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும் என்பதால், காலை நேரத்தை வெளியே கழிப்பவர்களுக்குப் பெரிய இழப்பு இருக்காது.

தைப்பூச வாரத்தை ஓய்வுப் பயணத்தோடு கலக்காதீர்கள். தேர் செல்லும் சாலைகளும் தண்ணீர்மலைச் சுற்றுவட்டாரமும் வாகனங்களுக்கு மூடப்படும், அறை வாடகை ஏறும். தைப்பூசத்துக்காகவே போகிறீர்கள் என்றால் கடற்கரையில் தங்காமல், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் நகரத்துக்குள்ளேயே தங்குங்கள். அது வேறு வகைப் பயணம். பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால் வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிறு போய் புதன் திரும்புங்கள். சாலையும் அறையும் நீச்சல்குளமும் காலியாக இருக்கும்.

ரயிலா, காரா

கார் என்றால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் நான்கரை மணி நேரத்தில் போய்விடலாம். நீண்ட வார இறுதியில் 8 மணி நேரமும் ஆகும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் பாதி வழி தூங்கிக்கொண்டே வருவார்கள். முதல் நிறுத்தம் தாப்பா ஓய்விடம், அடுத்தது சுங்கை பேராக். ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் போதும், ஆனால் பெரியவர்கள் கட்டாயம் இறங்கி நடக்க வேண்டும். கால் வீக்கம் குறையும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப் பகுதி ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இருக்கும். மழையில் அங்கே வேகத்தைக் குறைத்து இடப்பக்கமே வாருங்கள்.

தீவுக்கு இரண்டு பாலங்கள். 1985இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். இரண்டாம் பாலத்தில் நெரிசல் குறைவு என்று சொல்லி வழிகாட்டிச் செயலி அங்கே திருப்பப் பார்க்கும். ஆனால் அது தீவின் தென்கோடியில் பத்து மாவுங்கில் போய் இறங்குகிறது. வடக்கே பத்து ஃபெரிங்கிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அது சுற்று வழி. பழைய பாலம் முற்றாக அடைபட்டிருந்தால் மட்டும் அதை எடுங்கள். பாலக் கட்டணத்தைத் தீவுக்குள் போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள். டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் இருக்கிறதா என்று ஜூரு சுங்கச்சாவடிக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வண்டி ஓட்டுபவர் ஒருவர்தான் என்றால் ரயிலே நல்லது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஈடிஎஸ் மின்சார ரயில் சுமார் 4 மணி நேரத்தில் போகும். பண்டிகை நாள் இருக்கைகள் விற்பனை திறந்தவுடனே தீர்ந்துவிடும். எல்லோருக்கும் ஒரே பதிவில் டிக்கெட் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பாட்டி ஒரு பெட்டியிலும் பேரன் இன்னொரு பெட்டியிலும் உட்கார நேரும். பெட்டிக்குள் குளிர் கடுமையாக இருக்கும், ஆளுக்கொரு கம்பளிச் சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து பெர்ரி முனையத்துக்கு நடைபாதை உண்டு. பெர்ரியில் கடலைக் கடக்க கால்மணி நேரம்கூட ஆகாது, பிள்ளைகளுக்குப் பயணத்திலேயே பிடித்த பகுதி அதுவாகத்தான் இருக்கும். இப்போது ஓடும் பெர்ரிகள் கார் ஏற்றுவதில்லை. பெட்டிகள் நான்குக்கு மேல் இருந்தாலோ, நடக்கச் சிரமப்படும் பெரியவர் கூட இருந்தாலோ, போகும்போது பட்டர்வொர்த்திலிருந்தே 6 பேர் உட்காரும் கிராப் வண்டி பிடித்து நேரே தங்குமிடம் போய்விடுங்கள். பெர்ரியைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தங்குவது

ஜார்ஜ்டவுன் நகரம், தஞ்சோங் பூங்கா என்ற கடலோரக் குடியிருப்புப் பகுதி, பத்து ஃபெரிங்கிக் கடற்கரை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். அறையைக் காலி செய்து மறுபடி நுழைவதில் ஒரு முழு நாள் கரைந்துவிடும்.

பிள்ளைகள் 10 வயதுக்குக் கீழே என்றால் பத்து ஃபெரிங்கி. அறையிலிருந்து மணலுக்கு நடந்தே போகலாம், மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பி வரலாம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீட்டு விடுதிகள் அழகானவை. ஆனால் பலவற்றில் மின்தூக்கி இல்லை, மரப்படிகள் செங்குத்தானவை; பெரியவர்களோடு போகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே மேல். தஞ்சோங் பூங்காவில் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அடுக்குமாடி வீடுகள் கிடைக்கும், 4 நாளுக்கு அது பெரிய வசதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குடியிருப்பு அடுக்குமாடிகளைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதற்குப் பினாங்கில் கட்டுப்பாடு இருக்கிறது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாத வீட்டைப் பிடித்தால் வாசலிலேயே காவலர் தடுத்துவிடுவார். பணம் கட்டும் முன் இதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விடுதியைத் தொலைபேசியில் அழைத்து ஐந்து கேள்வி கேளுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே உட்கதவு உண்டா? குளியலறையில் கைப்பிடி உண்டா, அல்லது தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டுமா? பிள்ளைகள் குளம் எவ்வளவு ஆழம்? காலைச் சாப்பாட்டில் சைவம் என்ன இருக்கும்? மருந்து வைக்க அறையில் குளிர்பெட்டி உண்டா? படம் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள் இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உயரமான குளியல் தொட்டி பெரியவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து.

ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

சூரியன் இங்கே 7 மணிக்குப் பிறகுதான் உதிக்கும். ஏழரைக்கு மணலில் இறங்கி 10 மணிக்குள் ஏறிவிடுங்கள். அந்த நேரத்தில் மணல் சுடாது, ஜெட் ஸ்கீ இரைச்சலும் இருக்காது. குளியல், சாப்பாடு, பிறகு 12 முதல் 4 வரை அறையில் தூக்கம். 5 மணிக்கு மறுபடி கடற்கரையோ குளமோ. இருட்டிய பின் பத்து ஃபெரிங்கி சாலையோரத்து இரவுச் சந்தையில் ஒரு நடை. இதுதான் அடிப்படை நாள். வெளிப்பயணம் இருக்கும் நாளில் காலைப் பகுதியை மட்டும் மாற்றுங்கள், மதியத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். வந்து சேரும் முதல் நாளில் வெளிப்பயணமே வேண்டாம்.

வெளிப்பயணத்தின் தடை தூரம் அல்ல, சாலைதான். பத்து ஃபெரிங்கியிலிருந்து நகரத்துக்கு ஒரே கடலோரச் சாலை, அதுவும் வளைந்து வளைந்து போகும். காலையில் அரை மணி நேரம் ஆகும் வழிக்குச் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைசுற்றும் பிள்ளைக்குக் கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். 101ஆம் எண் ரேபிட் பேருந்து ஜார்ஜ்டவுன் ஜெட்டியிலிருந்து தெலுக் பஹாங் வரை இதே வழியில் ஓடுகிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் அதுவும் வசதிதான்.

கொடிமலைக்கு வார நாளில் விடியலிலேயே போங்கள். உச்சி 800 மீட்டருக்கு மேல் உயரம், கீழே இருப்பதை விட நாலைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். மலை ரயிலின் பெட்டி படிப்படியாகச் சரிந்திருக்கும் என்பதால் பெரியவர்களை ஏறும் கதவுக்கு அருகிலேயே உட்கார வையுங்கள். மேலே முருகன் கோயில் இருக்கிறது, நிழலில் உட்கார இடமும் உண்டு. 10 மணிக்கு மேல் கீழ் நிலையத்தில் வரிசை நீளும், அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கு மேற்பட்ட படிகள். ஏற முடிந்தவர்கள் ஏழரைக்குள் ஏறி முடிக்கட்டும். முடியாதவர்கள் அடிவாரத்துக் கோயிலிலும் அருகிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலிலும் நிம்மதியாகக் கும்பிடலாம். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. அங்கே குரங்குகள் நெகிழிப்பையின் சத்தத்துக்கே ஓடி வரும். வாழைப்பழமும் அர்ச்சனைத் தட்டும் துணிப்பைக்குள் இருக்கட்டும், பிள்ளைகள் குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம்.

கடலில் கவனம்

மிதவை கட்டிய பகுதிக்குள் மட்டும் குளியுங்கள், வெளியே ஜெட் ஸ்கீயும் படகும் ஓடும். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். ஜெல்லி மீன்கள் உண்டு, பெட்டி ஜெல்லி மீன் வகையும் இங்கே காணப்பட்டிருக்கிறது. மழைக்குப் பிந்தைய கலங்கல் நீரில் அவை கண்ணில் படாது. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் உடை போடுங்கள். கொட்டும் இடமும் குறையும், வெயிலும் தாங்கும்.

சமையலுக்கு வாங்கும் வெள்ளைப் புளிக்காடி (வினிகர்) ஒரு போத்தல் கடற்கரைப் பையில் இருக்கட்டும். கொட்டிவிட்டால் குறைந்தது அரை நிமிடம் அதை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் ஒட்டியிருக்கும் கொட்டணுக்களை வெடிக்க வைத்து வலியைக் கூட்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் 999.

சாப்பாடு

வழிக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவது இன்றும் நல்ல வழக்கம். 6 பேருக்கு நான்கு கப் அரிசி வடித்து, ஆற வைத்து, நல்லெண்ணெய் விட்டுப் புளிக்காய்ச்சல் கலந்தால் மாலை வரை கெடாது. தயிர்சாதத்தில் ஒரு கப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி தயிர் மட்டும் கலந்தால், சாப்பிடும் நேரத்துக்குள் புளித்துப் போகாது. தேங்காய்ச் சட்னியைக் கட்டாதீர்கள். கார் சூட்டில் சீக்கிரமே ஊசிவிடும், பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு அங்கேதான் தொடங்கும்.

பினாங்கில் சைவம் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: அசாம் லக்சாவின் சாறே மீன்தான். ரோஜாக்கிலும் கங்கோங் கீரையிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். சீனர் கடைச் சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. நாசி கண்டார் கடையில் குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே வழக்கம், மாட்டிறைச்சிக் குழம்பும் அதில் சேர்ந்துவிடும். மாடு சாப்பிடாதவர்கள் தட்டை நீட்டும் முன்பே கோழிக் குழம்பு மட்டும் என்று சொல்லி, தனிக் கரண்டியில் கேளுங்கள். சொல்வதற்குள் கை ஊற்றிவிடும், அவ்வளவு வேகம். செவ்வாய், வெள்ளி விரதக்காரர்களுக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எளிதாகக் கிடைக்கும். செண்டோலும் பெரும்பாலும் சைவமே.

பெட்டிக்குள்

பெரியவர்களின் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகள் 4 நாளுக்கு அல்ல, 6 நாளுக்கு. அவை கைப்பையில் வரட்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு, பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து, வெப்பமானி, கொசுத் தைலம். டெங்கிக் கொசு பகலில்தான் கடிக்கும், அதனால் காலையிலேயே தடவுங்கள். வெயில் பூச்சு 30க்கு மேற்பட்ட காப்பு எண் உள்ளதாக இருக்கட்டும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூசுங்கள். ஒரு முறை பூசிவிட்டு நாள் முழுவதும் நம்பியிருப்பதால்தான் தோள் உரிகிறது. உடைகள் ஆளுக்கு 5 போதும், இரவில் அலசிப் போடலாம்.

திரும்பும் நாள்

ரயிலில் திரும்புகிறவர்கள் மாலை ரயிலைப் பிடியுங்கள். அறையைக் காலி செய்து, பெட்டிகளை விடுதி முன்மேசையில் விடாமல் கையோடு நகரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். பெட்டிக்காக மறுபடி பத்து ஃபெரிங்கி போய் வருவது இரண்டு மணி நேர வீண் அலைச்சல். லிட்டில் இந்தியாவில் மகாமாரியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு, ஜாதிக்காய் ஊறுகாயும் தௌ சார் பியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பெர்ரி ஏறலாம். ரயில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீவுக் கரையிலிருந்து கிளம்பிவிடுங்கள். காரில் திரும்புகிறவர்கள் ஞாயிறு பிற்பகலைத் தவிர்த்துக் காலை 9 மணிக்குள் பாலத்தைத் தாண்டுங்கள். டுரியான் வாங்கியிருந்தால் தீவிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மூடிய காரில் அந்த வாடையோடு 350 கிலோமீட்டர் வருவது தலைசுற்றும் பிள்ளைக்கு ஆகாது.