டெல்டாவில் ராக் பேண்ட்: ஆள் சேர்ப்பதிலிருந்து மேடை வரை

நாலு பேர் போதும். டிரம்ஸ், பேஸ் (அடிச்சுரம் வாசிக்கும் கிட்டார்), கிட்டார், பாடகர். பாடுபவரே இரண்டாவது கிட்டாரும் வாசித்தால் நல்லது. டிரம்மரைத் தேட மெல்லிசைக் குழுக்களையும் தேவாலயப் பாடற்குழுக்களையும் விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. பேஸ் வாசிப்பவர் கிடைக்கவே மாட்டார். இரண்டு கிட்டார்காரர்களில் தாளம் பிசகாதவர் எவரோ, அவர் கையில் பேஸைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் பாட்டு முடியும் முன்பே, பாட்டு யாருடையது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980-இல் தொடங்கிய ஆர்.இ.எம். என்ற ராக் பேண்ட், தன் பாடல்களுக்கு நாலு பேர் பெயரையும் சேர்த்தே போட்டது. பின்பற்றத் தகுந்த ஏற்பாடு.

பயிற்சிக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை போதும். வெறும் சிமெண்ட் சுவர் என்றால் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் சத்தம் எதிரொலிக்கும். அதை மிஞ்ச கிட்டார் ஏறும், கிட்டாரை மிஞ்ச பேஸ் ஏறும், கடைசியில் பாட்டு வரி ஒன்றும் புரியாது. டிரம்மர் முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, தரையில் கோரைப்பாய் மேல் ஜமுக்காளம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் காது உயரத்துக்கு ஏற்றுங்கள். ஆம்ப் முழங்கால் உயரத்தில் இருந்தால் வாசிப்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேதான் போவார். ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்த்து நிற்கட்டும். முதலில் குரலை, ‘கீ’ என்று கத்தாத உச்சம் வரை ஏற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே வையுங்கள். நம் பக்கத்துக் கூட்டம் வரியைக் கேட்கத்தான் வரும். கிட்டார் இரைச்சலை மன்னிக்கும், புரியாத வரியை மன்னிக்காது.

நாகஸ்வரம் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுருதிக்கு இறங்கிவர வேண்டியது கிட்டார்தான். பாரி நாகஸ்வரம் (நீளமான வகை) பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்கும். இரண்டரைக் கட்டை என்றால் மேற்கத்திய இசையில் டி ஷார்ப். கிட்டார், பேஸ் இரண்டையும் அரைச் சுரம் கீழே இறக்கிக்கொண்டு, வழக்கமான ஈ (E) கார்டு பிடிப்பிலேயே வாசியுங்கள். நாகஸ்வரம் வாசிப்பவருடைய சீவாளியை (ஊதும் நாக்கை) ஒருமுறை கேட்ட பிறகே டியூனரைத் திருகுங்கள். தவிலுக்குப் பயிற்சி அறையில் மைக் வேண்டாம். தவில் வரும் பாட்டில் டிரம்மர் ஸ்நேரை (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) குறைத்து, கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) நிற்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் அடித்தால் குரல் செத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிட்டாரின் கழுத்து வளைந்து கம்பி உயர்ந்து நிற்கும். முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால் எட்டாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி சரி. அதற்கு மேல் இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருகி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

திருவிழா மேடையில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். எர்த் இல்லாத லைனில் கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வையுங்கள். எரிந்தால் சரிசெய்யும்வரை மேடை ஏறாதீர்கள். ஆம்ப், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சலும் பெரும்பாலும் அடங்கும். ஆம்பின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலைக் குறைக்கும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மைக் செட்காரரிடம் முதல் நாளே ஒரு சீட்டு கொடுங்கள்: கிக், ஸ்நேர், டிரம்ஸுக்கு மேலே ஒரு மைக், பேஸுக்கு டிஐ பாக்ஸ் (மைக் இல்லாமல் நேரே மிக்சரில் இணைக்கும் பெட்டி), கிட்டார் ஆம்புக்கு ஒரு மைக், குரலுக்கு இரண்டு. ஏழு சேனல்தான். “அண்ணே, எக்கோ வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் எக்கோ தாராளமாக வரும், வேகமான பாட்டில் வரிமேல் வரி விழும். காவல் நிலைய அனுமதி விழாக் குழு பொறுப்பா உங்கள் பொறுப்பா என்று முன்பே கேளுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை. ஆகவே மெல்லிசைக் கச்சேரிக்குப் பின்னால் இடம் கேட்காதீர்கள்; முன்னால் இருபது நிமிடம் வாங்குங்கள், நாலு சொந்தப் பாட்டுக்கு அது போதும். சினிமாப் பாட்டு கேட்டுக் கூட்டத்திலிருந்து சீட்டு வரும். ஒன்று வாசிக்கலாம். இரண்டாவதுக்கு ஒப்புக்கொண்டால் அடுத்த வருடமும் அதற்காகத்தான் கூப்பிடுவார்கள்.

பெயர் வருவது மெதுவாகத்தான் நடக்கும். ஆர்.இ.எம். வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தது. முதல் சிங்கிள் 1981-இல், முதல் ஆல்பம் 1983-இல். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி நாலும் ஒரே ரயில் பாதை. கேட்டவர்கள் மறப்பதற்குள் அதே ஊருக்குத் திரும்பப் போங்கள். திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் போன்ற கல்லூரி விழாக்களில் மாணவர் போட்டி விதிகளைப் பாருங்கள். நாலு பேரில் ஒருவர் படித்து முடித்திருந்தாலும் பல இடங்களில் சேர்க்கமாட்டார்கள். பாட்டைப் பதிவு செய்யும்போது ஒலித் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒரே மூச்சில், குரல் தனியாக.

வரும் பணத்தில் வண்டி வாடகை, சாப்பாடு போக மீதியை ஐந்து பங்காகப் போடுங்கள். ஐந்தாவது பங்கு கம்பிக்கும் டிரம் குச்சிக்கும் கேபிளுக்கும். அதைப் பாடகரிடம் கொடுத்து வைக்காதீர்கள், பேஸ்காரரிடம் கொடுங்கள்.