ஒன்ராறியோவில் கார் முட்டுப்பட்டால் ‘ஆளுக்குப் பாதி’ என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்

ஊரில் வாகனம் முட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சனம் கூடும். பெரிய வாகனக்காரன்தான் பிழை என்று பாதிப்பேர் சத்தம் போடுவார்கள். இன்சூரன்ஸ் கொம்பனிக்கு போன் அடித்தால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்திறங்கி, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து எழுதிக்கொண்டு போவார். அதுவும் வேண்டாம் என்றால் இரண்டு பேரும் பேசி ‘ஆளுக்குப் பாதி’ என்று முடித்துக்கொள்வோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சனமும் கூடாது, கொம்பனி ஆளும் வரமாட்டார். ஆனால் அந்த ‘ஆளுக்குப் பாதி’ இங்கேயும் இருக்கிறது. என்ர அக்காவின் மகன் அதில் மாட்டுப்பட்டு இன்னமும் காசு கட்டிக்கொண்டிருக்கிறான்.

கட்டாயம் செய்யவேண்டியவற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் காயம் என்றால் 911. காயமில்லை, ஆனால் சேதம் எல்லாம் சேர்த்து 5,000 டொலரைத் தாண்டும்போல் இருந்தால் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். 2025 ஜனவரி வரைக்கும் இது 2,000 ஆக இருந்தது, பழைய ஆட்கள் இப்பவும் அதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் கொலிஷன் ரிப்போர்ட்டிங் சென்ரருக்கு, அதாவது விபத்தைப் பதிகிற நிலையத்துக்கு, காரைக் கொண்டுபோகச் சொல்வார்கள். மற்றவரின் லைசன்ஸ், பிங்க் ஸ்லிப் (இன்சூரன்ஸ் அட்டை), நம்பர் பிளேட் மூன்றையும் படம் எடுங்கள். உங்கள் கொம்பனிக்கு 7 நாட்களுக்குள் சொல்லவேண்டும். கூப்பிடாமலே வந்து நிற்கிற, கார் இழுக்கிற ரோ ட்ரக்காரர் எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும், வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

இனி விசயத்துக்கு வருவோம். “ஒன்ராறியோ நோ-ஃபோல்ட் மாகாணம், ஆரின்ர பிழை எண்டு இங்க பாக்கமாட்டினம்” என்று யாராவது ஒரு அண்ணை உங்களுக்குச் சொல்லுவார். அவரோடு நல்லாய்க் கதையுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். யாரின் பிழையானாலும் நீங்கள் உங்கள் சொந்தக் கொம்பனியிடம்தான் போகிறீர்கள். அவ்வளவுதான் அதன் அர்த்தம். காயப்பட்டால் வைத்தியச் செலவும் சிகிச்சையும் பிழை பார்க்காமல் கிடைக்கும். காரின் சேதத்துக்குப் பிழை பார்ப்பார்கள், நன்றாகவே பார்ப்பார்கள். உங்கள் பிழை இல்லாத பங்குக்கு டி.சி.பி.டி. (டிரெக்ட் கொம்பென்சேஷன் – ப்ரொப்பர்ட்டி டமேஜ்) என்கிற பகுதியில் உங்கள் கொம்பனி காசு தரும். உங்கள் பிழையான பங்குக்கு, நீங்கள் கொலிஷன் கவரேஜ் என்கிற பகுதியையும் எடுத்திருந்தால் மட்டும், டிடக்டிபிளை (நீங்கள் கட்டவேண்டிய முதல் தொகையை) கழித்துக்கொண்டு தரும். எடுக்கவில்லை என்றால் அந்தப் பங்கு உங்கள் சட்டைப் பையில் இருந்துதான் போகும். பழைய கார் வாங்குகிற நாங்கள் மாதக் காசைக் குறைக்க முதலில் வெட்டுவது கொலிஷனைத்தான்.

பிழையைத் தீர்மானிப்பது பொலிஸ் இல்லை. பொலிஸ் டிக்கெட் தரவில்லை, ஆகவே நான் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். அது வேறு கணக்கு. கொம்பனிகள் எல்லாம் பார்ப்பது ஒன்ராறியோவின் 668ஆம் இலக்க ஒழுங்குவிதி. படம் கீறி, இந்த மாதிரி முட்டினால் இவருக்கு இத்தனை வீதம் பிழை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் போய் இடித்தால் இடித்தவருக்கு 100. லேன் மாறும்போது இடித்தால் மாறினவருக்கு 100. எதிரே நேராக வருகிறவருக்குக் குறுக்கே இடது பக்கம் திருப்பினால் திருப்பினவருக்கு 100.

முதல் பனிக்காலம் ஓட்டப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: காலநிலை, றோட்டின் நிலை, வெளிச்சம் எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. ஐஸில் சறுக்கிப் போய் முன்னுக்கு நின்ற காரில் முட்டிவிட்டு, “நான் பிரேக் அடிச்சனான், கார்தான் நிக்கேல்லை” என்று எவ்வளவு உண்மையாய்ச் சொன்னாலும் 100 வீதம்தான். எனக்கு இதில் இன்னமும் உடன்பாடு இல்லை. ஊரில் எந்த நீதவானும் மழையைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார். ஆனால் விதி அதுதான். வின்ரர் டயர் போட்டால் பிறீமியத்தில் (இன்சூரன்சுக்குக் கட்டுகிற காசில்) கழிவு தரவேண்டும் என்று 2016இல் இருந்து சட்டம் இருக்கிறது, அதையாவது கேட்டு வாங்குங்கள்.

இப்போது மருமகனின் கதை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பார்க்கிங் லொட், சனிக்கிழமை பின்னேரம், இடம் பிடிக்க எல்லோரும் முண்டியடிக்கிற நேரம். இவன் ரிவேர்ஸ் எடுத்துப் பாதி வெளியே வந்துவிட்டான். எதிர் வரிசையில் இருந்து ஒரு வானும் ரிவேர்ஸில் வருவதைக் கண்டு பிரேக் போட்டு நின்று ஹோர்ணும் அடித்திருக்கிறான். வான் வந்து பின்பக்கக் கதவில் ஏறிவிட்டது. இறங்கி வந்தவர் எங்கட ஆள். “தம்பி, நாங்கள் ஒரே ஊர்க்காரர், இன்சூரன்சுக்குப் போனால் ரெண்டு பேருக்கும் கூடும், பேசி முடிப்பம்” என்றிருக்கிறார். இவனும் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, பின்னால் நின்ற கார்கள் கத்துகின்றன என்று உடனே காரை எடுத்துவிட்டான். படம் இல்லை, சாட்சி இல்லை. ‘ஒரே ஊர்’ என்ற சொல்லுக்கு வெளிநாட்டில் இருக்கிற பலம் அப்படி.

கொஞ்ச நாளில் அந்த ஐயா தன் கொம்பனிக்குச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவேர்ஸ் எடுத்தோம் என்று. இவனுடைய கொம்பனியில் கிளெய்மைப் பார்க்கிற அட்ஜஸ்டர் போன் எடுத்துக் கேட்டபோதுதான் இவனுக்கு விசயமே தெரியும். பதற்றத்தில் இவன் சொன்ன முதல் வசனம், “ஓம், நானும் ரிவேர்ஸ் எடுத்தனான்.” நின்றுவிட்டேன் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னான். அதை நிரூபிக்க ஒன்றும் இல்லை. கடையில் கமரா இருந்தது, ஆனால் போய்க் கேட்கும்போது அந்த நாள் பதிவு அழிந்துவிட்டது.

ரிவேர்ஸ் எடுக்கிறவர் இடித்தால் அவருக்கு 100 என்பது விதி. இரண்டு பேரும் ரிவேர்ஸ் என்றால்? ஒரு விதிப்படி நீங்கள் 100, இன்னொரு விதிப்படி பூச்சியம் என்று வந்தால் 50 என்று கொள்ளவேண்டும் என 668இல் ஒரு பிரிவு இருக்கிறது. அவனுக்கும் 50, ஐயாவுக்கும் 50. கேட்க நியாயமான பஞ்சாயத்துத் தீர்ப்புப் போலத்தான் இருக்கும். ஆனால் 50 வீதம் வந்த விபத்து உங்கள் பதிவில் பிழையான விபத்து என்றே ஏறும். பிறீமியம் ஏறும்போது உங்கள் பங்கு பாதிதானே என்று யாரும் இரக்கப்படமாட்டார்கள். வேறு கொம்பனிக்கு மாறினாலும் தப்பமுடியாது, கிளெய்ம் வரலாறு மற்றக் கொம்பனிகளுக்கும் தெரியும்படி அவர்களுக்குள் ஒரு பொதுப் பதிவு இருக்கிறது. கொலிஷன் இல்லாததால் திருத்தச் செலவில் பாதியும் இவன் தலையில். அந்த ஐயாவைக் கோவிலில் கண்டால் இப்பவும் சிரிக்கிறார்.

ஆகவே காரை அசைக்க முதல் படம் எடுங்கள். பம்பரின் கீறலைக் கிட்டப் போய் எடுப்பதில் பிரயோசனம் குறைவு, அதை எப்பவும் எடுக்கலாம். நாலு அடி பின்னுக்குப் போய், இரண்டு கார்களும் நிலத்துக் கோடுகளும் சில்லுகள் திரும்பி நிற்கிற விதமும் ஒன்றாய்த் தெரிய எடுங்கள். பின்னால் ஹோர்ண் அடிப்பவர்கள் அடிக்கட்டும். பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் பெயரும் நம்பரும் வாங்குங்கள். கடைக்காரரிடம் கமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள். டாஷ்காம் பூட்டினால் பின்னாலும் ஒன்று பூட்டுங்கள், ரிவேர்ஸ் எடுக்கும்போது பின்னால் நடப்பதை முன் கமரா காணாது. அட்ஜஸ்டர் அழைக்கும்போது வேலையில் நின்றால், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி, நடந்ததை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மோதிய கணத்தில் உங்கள் கார் நின்றதா ஓடியதா என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். ‘சொறி’ சொன்னதை நினைத்துப் பயப்பட வேண்டாம், 2009ஆம் ஆண்டின் மன்னிப்புச் சட்டப்படி மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துப் பிழையை ஒத்துக்கொண்டதாக எடுக்கமுடியாது. “நான் காணேல்லை” என்பது வேறு, அது மன்னிப்பு இல்லை, வாக்குமூலம்.

கையில் காசு கொடுத்து முடிப்பது அறவே கூடாது என்று சொல்லவில்லை. காயம் ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு காருக்கும் சேதம் 2,000 டொலருக்குள் இருந்து, பிழை விட்டவரே முழுவதையும் கட்டி, எந்தக் கொம்பனியும் காசு கொடுக்காவிட்டால், அதைக் காட்டி உங்கள் பிறீமியத்தைக் கூட்டமுடியாது. 2016 ஜூன் மாதத்தில் இருந்து அப்படி. மூன்று வருடத்தில் ஒரு தடவைக்குத்தான் அந்தச் சலுகை. காசு கொடுத்து முடித்தாலும் கொம்பனிக்குச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் வாய் மூடியிருந்து, மற்றவர் பிறகு கழுத்து நோகிறது என்று போனால், உங்கள் கொம்பனிக்கு முதலில் கதை சொல்வது அவராக இருக்கும்.

தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் எந்தப் பிரிவின் கீழ் இத்தனை வீதம் போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு கொம்பனியின் முறைப்பாட்டு அதிகாரி, அதற்கு மேல் இன்சூரன்ஸ் முறைப்பாடுகளைக் கேட்கிற ஜெனரல் இன்சூரன்ஸ் ஓம்புட்சேர்விஸ். கார்ச் சேதத்துக்கு மற்றவர் மேல் வழக்குப் போட ஏலாது, உங்கள் சொந்தக் கொம்பனி மேல் போடலாம். மருமகன் முறைப்பாட்டோடு நின்றுவிட்டான், வேலைக்கு லீவு எடுக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. 2024 ஜனவரியில் இருந்து டி.சி.பி.டி. வேண்டாம் என்று கையெழுத்து வைத்துவிட வழி இருக்கிறது. மாதக் காசு குறைகிறது என்று யாராவது அந்தத் தாளை நீட்டலாம். அதில் கையெழுத்து வைத்தால், முழுப் பிழையும் மற்றவருடையதாக இருந்தாலும் உங்கள் காரைத் திருத்த உங்கள் கொம்பனியும் தராது, அவருடைய கொம்பனியும் தராது. உங்கள் பொலிசியை எடுத்து டி.சி.பி.டி. இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.