'நான்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க ஒரு வழி

'நான் யார்' என்று யோசிக்க உட்காருகிறவர்கள் பலர் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். மூன்று கேள்விகளை ஒரே கேள்வி என்று நினைத்து இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். நான் என்பது என்ன, உடலா, மனமா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்பது ஒரு கேள்வி. பத்து வயதில் இருந்த அந்தப் பிள்ளையும் இன்றைக்கு இதைப் படிக்கிறவரும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது இன்னொன்று. நாளைக்கு எனக்கு என்ன ஆகுமோ என்று பதறுகிறேனே, ஏன் என்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றின் மேல் ஒட்டப் போய்த்தான் பாதி வாதங்கள் சறுக்குகின்றன.

அப்புறம், தத்துவப் பள்ளிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். வரிசையாகப் படித்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சரி என்று தோன்றும், எதுவும் மனதில் நிற்காது. முதலில் ஒரு சோதனையைச் செய்து உங்கள் மனம் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் யாராவது ஒருவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவரை அப்போது படித்தால் போதும்.

உள்ளே தேடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, 'நான்' என்று எதைச் சொல்கிறீர்களோ அதை மட்டும் பிடிக்கப் பாருங்கள். கால் மரத்துப்போனது தெரியும், வெளியே ஒரு சத்தம் கேட்கும், நேற்று யாரோ சொன்ன சொல் திரும்ப வந்து குத்தும், சலிப்பு வரும். இவற்றுக்கெல்லாம் சொந்தக்காரராக ஒருவர் தனியாக அகப்படுகிறாரா? ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1739-இல் சொன்னது இதைத்தான்: உள்ளே போய்ப் பார்க்கும்போதெல்லாம் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வில்தான் இடறுகிறேன், அதைத் தாண்டி 'நான்' என்று ஒன்று சிக்குவதே இல்லை. ஆகவே நாம் உணர்வுகளின் ஒரு கட்டு, அவ்வளவுதான் என்றார். பௌத்தர்கள் இதை அவருக்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்கள். மணிமேகலை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஐந்து கந்தங்களை, அதாவது ஓர் ஆளாகச் சேரும் கூறுகளை, எண்ணுகிறது. ஆறாவதாக ஓர் ஆள் அந்தக் கணக்கில் இல்லை.

இங்கே பலருக்கு ஒரு எரிச்சல் வரும். சரி, எதுவும் அகப்படவில்லை, ஆனால் தேடியது யார்? உங்களுக்கும் அப்படித் தோன்றினால் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பக்கம் போங்கள். 13-ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் 'உளதிலது என்றலின்' என்றுதான் தொடங்குகிறது. இது ஆன்மா இல்லை, அதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாலும் அப்படித் தள்ளுகிற ஒன்று மிஞ்சுகிறதே, அதனால் ஆன்மா உண்டு என்பது அதன் வாதம். எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம், சந்தேகிக்கிறவன் இருப்பதைச் சந்தேகிக்க முடியாது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் 17-ஆம் நூற்றாண்டில் எழுதியதற்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். போகிற இடம் மட்டும் வேறு.

ஆனால் இந்த வாதத்தை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். ஜெர்மானியரான லிக்டன்பெர்க் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குறுக்குக் கேள்வி போட்டார்: நமக்கு உறுதியாகத் தெரிவது 'எண்ணம் நடக்கிறது' என்பதுதானே, எண்ணுகிற ஒருவர் இருக்கிறார் என்பதை எங்கிருந்து சேர்த்தோம்? 1787-இல் இன்னொரு ஜெர்மானியரான காண்ட் ஒரு நடுவழி காட்டினார். என் அனுபவங்கள் எல்லாம் என்னுடையவை என்று ஒன்றுசேர வேண்டுமானால் 'நான் எண்ணுகிறேன்' என்பது அவற்றோடு வரக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன வகைப் பொருள் என்று எதுவும் சொல்லிவிட முடியாது. எனக்கு இந்தப் பதில்தான் நாணயமானதாகப் படுகிறது. திருப்தி தருகிறதா என்று கேட்டால் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இப்படி உள்ளே தேடும்போது சிலருக்குத் தன் கைகால்களே அந்நியமாகத் தெரியும், சுற்றியிருப்பது எல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றும். அதை ஞானம் என்று எண்ணித் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், அது திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஞாபகத்தைச் சோதியுங்கள்

இது இரண்டாவது தாள். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிற மிகப் பழைய சம்பவம் ஒன்றை எடுங்கள். அது உங்களுக்கு நடந்தது என்று ஏன் சொல்கிறீர்கள்? 'எனக்கு ஞாபகம் இருக்கிறதே' என்று வாயில் வந்தால் நீங்கள் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் கட்சி. ஓர் இளவரசனின் நினைவுகளோடு அவன் உயிர் ஒரு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்தால், அந்த ஆள் இளவரசன்தான் என்றார் அவர். உடல் எதுவாக இருந்தாலும், எதுவரை நினைவு நீள்கிறதோ அதுவரை அதே ஆள்.

இப்போது இதை உடைத்துப் பாருங்கள். தாமஸ் ரீட் 1785-இல் ஒரு கதை சொன்னார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் பின்னால் இளம் அதிகாரியாகிப் போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்குச் சிறுவயது அடி நினைவிருக்கிறது, தளபதிக்குக் கொடியைப் பிடித்தது நினைவிருக்கிறது, அடி மறந்துபோய்விட்டது. லாக் சொல்வதுபடி தளபதி அந்தச் சிறுவன் ஆகவும் வேண்டும், ஆகாமலும் இருக்க வேண்டும். கண்ணி கண்ணியாக இணைந்தால் போதும், நேரடி நினைவு வேண்டாம் என்று பின்னால் வந்தவர்கள் இதைச் சரிசெய்தார்கள், அது ஓரளவு தாங்கும்.

ஆனால் கண்ணியே புதிதாக விழாமல் போனால்? ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை, பல வருடங்களாகத் தன்னைச் சோதித்த ஆய்வாளர்களையே ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தித்தார். இருந்தும் கண்ணாடியில் தெரியும் நட்சத்திர உருவைப் பார்த்து அதன் கோட்டைப் பென்சிலால் ஒட்டி வரையும் வேலையில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு செய்த நினைவே இல்லாமல். அந்தத் தேர்ச்சி யாருடையது? அவருடையதுதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றுகிறதல்லவா, அப்படியென்றால் உடலையும் பழக்கத்தையும் நீங்கள் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள், லாக் கட்சியில் இனி முழு உறுப்பினர் இல்லை.

வாழ்க்கையை ஒரு கதையாகக் கோத்துக்கொள்வதுதான் 'நான்' என்று சொல்கிறவர்களும் உண்டு. தன் வாழ்க்கை தனக்குக் கதைபோல் தோன்றுவதே இல்லை என்று கேலன் ஸ்ட்ராசன் 2004-இல் மறுத்து எழுதினார். இதில் உங்கள் சுபாவம் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே உடனே தெரிந்துவிடும்.

பயத்தைச் சோதியுங்கள்

மூன்றாவது தாளுக்கு ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒன்று. நாளை உங்களைச் சித்திரவதை செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். பயம் வருகிறது. பிறகு, அதற்கு முன்னால் உங்கள் நினைவுகளை எல்லாம் அழித்துவிடுவோம் என்கிறார்கள். பயம் குறைகிறதா? வேறொருவரின் நினைவுகளையும் உள்ளே வைத்துவிடுவோம் என்கிறார்கள். இப்போதாவது? பெரும்பாலும் பயம் அப்படியே இருக்கும், 'வலிக்கப்போவது எனக்குத்தானே' என்று. ஆனால் இதே நிகழ்ச்சியை இரண்டு பேர் உடல் மாற்றிக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள், சித்திரவதை அடுத்தவருக்கு நடப்பதுபோல் தோன்றும். சொல்லும் விதம் மாறினால் பதில் மாறுகிறது என்றால், நம் உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்புவது என்று யோசிக்க வேண்டும். இரண்டு விதமாகவும் எழுதிவைத்து, சில நாள் கழித்து மறுபடி படித்துப் பாருங்கள்.

டெரெக் பார்ஃபிட் 1984-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கருவி உங்கள் உடலை அணு அணுவாகப் பதிவு செய்து, இங்கே அழித்து, வேறு கிரகத்தில் அச்சு மாறாமல் உருவாக்குகிறது. அது நீங்களா? அழிக்காமல் விட்டால் இரண்டு பேர் இருப்பார்களே, அப்போது யார் நீங்கள்? அவர் பதில், அதே ஆளா இல்லையா என்பது முக்கியமே இல்லை, நினைவும் குணமும் தொடர்வதுதான் பொருட்படுத்த வேண்டியது. இந்த முடிவுக்கு வந்தபின் தன் மிச்ச வாழ்க்கையைப் பற்றிய கவலை குறைந்து பிறர் மேல் அக்கறை கூடியது என்றும் எழுதினார். வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள், ஆனால் அந்த விளைவு உங்களுக்கு வருகிறதா என்பதையும் கவனியுங்கள், எனக்கென்னவோ வரவில்லை.

மூலத்தைப் படிக்க ஆசை வந்தால் லாக்கின் 'An Essay Concerning Human Understanding' நூலின் இரண்டாம் பாகத்தில் 27-ஆம் அத்தியாயம், ஹ்யூமின் 'A Treatise of Human Nature' நூலின் முதல் பாகத்தில் நான்காம் பகுதி ஆறாம் பிரிவு, இந்த இரண்டும் தனியாக எடுத்துப் படிக்கும்படி இருக்கும். ஹ்யூமைப் படித்தால் 1740-இல் அவர் சேர்த்த பின்னிணைப்பையும் விடாதீர்கள். கட்டு கட்டு என்று சொன்னோமே, அந்தக் கட்டைக் கட்டியிருப்பது எது என்று தன்னால் விளக்க முடியவில்லை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார்.