பிள்ளையை ரக்பிக்கு அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒவ்வோர் ஆண்டும் கோலாலம்பூரில் எங்கள் கிளப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள், கூடவே புதுப் பெற்றோரும் வருவார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய கோளாறுகளை இவர்களும் அச்சுப் பிசகாமல் பண்ணுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் போத்தல் மறக்காதே, நேரத்துக்கு வா என்கிற சங்கதியெல்லாம் இதில் கிடையாது.

டியூஷன் சென்டர் என்று நினைப்பது

சனிக்கிழமை காலையில் இன்ஜினைக்கூட அணைக்காமல் பிள்ளையை இறக்கிவிட்டு, "பத்தரைக்கு வர்றேன் கோச்" என்று பறந்துவிடும் அப்பாக்கள் நிறைய. சந்தா திடல் வாடகைக்கும் பந்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. பயிற்சி கொடுப்பவர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

இந்த ஊர் ரக்பிக்கு வயது அதிகம். இப்போது மெர்டேக்கா சதுக்கம் என்கிறோமே, சிலாங்கூர் கிளப்புக்கு எதிரே இருக்கும் அந்தத் திடலில் துரைமார்கள் ஆடிய ஆட்டம் இது. 1921இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் இங்கே வந்துபோனதை ஒட்டிக் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என்று கிண்ணங்கள் கிடைத்தன. காற்பந்துக் கிண்ணம்தான் பிறகு மலேசியக் கிண்ணம் ஆனது. கோல்கீப்பர் ஆறுமுகம் பாய்ந்த பாய்ச்சலைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள், ஆனால் அதே கப்பலின் ரக்பிக் கிண்ணம் நம் வீட்டுப் பேச்சில் வந்ததே இல்லை. அப்புறம் 1967இல் வெவ்வேறு பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடி கோப்ரா கிளப்பைத் தொடங்கினார்கள். பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடும் ரக்பி அவர்கள் வழியாகத்தான் வெளியுலகத்துக்குப் போனது. ஆட்டம் பிடித்த ஆட்கள் கூடி நடத்தினால்தான் இந்த மாதிரி கிளப்புகள் ஓடும். ஆகவே ஐஸ் பெட்டி தூக்குங்கள், கோட்டோரம் கொடி பிடியுங்கள், வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று.

தலையில் அடிபட்டதை மறைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு பையன், 14 வயதுக்குக் கீழ் உள்ள குழு, பந்தோடு ஓடுபவனை மடக்கிப் பிடிக்கிற டேக்கிளுக்குப் போகும்போது தலையைத் தப்பான பக்கம் வைத்துவிட்டான். பந்து வைத்திருப்பவனின் பின்பக்கமாகத் தலை போக வேண்டும், முன்னால் வைத்தால் எதிரியின் முழங்கால் நேராக வந்து மோதும். அதுதான் நடந்தது. விழுந்தான், உடனே எழுந்தான், சிரித்தான். நான் வெளியே உட்கார வைத்தேன். "ஸ்கோர் என்ன கோச்?" என்றான். சொன்னேன். தண்ணீர் குடித்தான். "ஸ்கோர் என்ன கோச்?" மறுபடியும் சொன்னேன். காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அதையே மூன்றாவது தடவையும் கேட்டான்.

இன்றைக்கு இனி ஆட்டம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னால், அவர் பிள்ளையின் நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே, "மயக்கம் போடலையே கோச், எங்க காலத்துல இதெல்லாம் ஒரு அடியா?" என்கிறார். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்று யார் சொன்னது? பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் மயக்கமே வராது. கேட்டதையே கேட்பது, பதில் சொல்லத் தடுமாறுவது, வெளிச்சம் கூசுவது, குமட்டல், காரணமில்லாத எரிச்சல், இதில் ஒன்று தெரிந்தாலே போதும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டிவியில் ஆட்டக்காரர் உள்ளே போய்ச் சோதனை முடித்துத் திரும்பி வருகிறாரே என்று கேட்பார்கள். அது மருத்துவக் குழு வைத்திருக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கு. நம் மாதிரி கிளப்பில் சந்தேகம் வந்தாலே வெளியேதான்.

அந்த அப்பா அதோடு விடவில்லை. அடுத்த வாரமே வேறொரு குழுவோடு ஒரு போட்டிக்கு அழைத்துப் போய்விட்டார், காலையில் பெனடால் கொடுத்துத் தலைவலியை அடக்கிவிட்டு! அதற்கப்புறம் பையனால் வகுப்பில் வெள்ளைப் பலகையைக்கூடப் பார்க்க முடியவில்லை, தேர்வும் போயிற்று. வந்து கிளப்பைத்தான் திட்டினார்.

உலக ரக்பி அமைப்பு நம் மாதிரி கிளப்புகளுக்குச் சொல்லும் கணக்கு குறைந்தது 21 நாள். முதல் ஓரிரு நாள் நல்ல ஓய்வு, கைப்பேசியையும் குறைக்க வேண்டும். அப்புறம் நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி. தொந்தரவு எதுவும் இல்லாமல் இரண்டு வாரமாவது போன பிறகுதான் உடல் மோதும் பயிற்சி. ஆரம்பத்திலேயே டாக்டரைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், சிறு பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். தலையில் மாட்டும் அந்த மெத்தைத் தொப்பி காதையும் தோலையும் காப்பாற்றும். மூளை அதிர்ச்சியை அது தடுக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

பிள்ளைகள் பயத்தில் மறைப்பார்கள், அணியில் இடம் போய்விடுமே என்று. அது புரிகிறது. பெரியவர்கள் மறைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கோட்டோரத்தில் இன்னொரு கோச்

வேண்டாம். நடுவரிடம் பேசுவது அணித்தலைவன் வேலை, அப்பா வேலை இல்லை.

பல் காப்பு

வெந்நீரில் போட்டுக் கடித்து வாய்க்கு ஏற்றபடி பதிய வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் முதல் டேக்கிளிலேயே புல்லில் கிடக்கும்.

இடி

சத்தம் கேட்டால் எல்லாரும் திடலை விட்டு வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பு. "மழைதான் இன்னும் வரலையே" என்று என்னிடம் வாதாடாதீர்கள்.

கிளப் ஜெர்சி

திருப்பிக் கொடுங்கள். துவைத்து.